எரிமலையை விடுங்கள், மழையை அளக்கச் சொல்லுங்கள்

கேள்வி:

வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 4 முதல் 6 வரை அறிவியல் கற்பிக்கிறேன். மூன்று வகுப்பையும் சேர்த்தால்கூட முப்பது பிள்ளைகள் இல்லை. மண், மழை, சுற்றுச்சூழல் சார்ந்த பாடங்களை வெறும் பாடநூலை வைத்து நடத்தாமல், பிள்ளைகளே கையால் செய்து பார்க்கும்படி நடத்த ஆசை. சென்ற மாதம் ஒரு காணொளியைப் பார்த்து, சோடா மாவும் வினிகரும் ஊற்றி எரிமலை செய்தோம். வகுப்பே துள்ளியது. அடுத்த வாரம், "எரிமலை ஏன் வெடிக்கிறது?" என்று கேட்டேன். "வினிகர் ஊத்துறதால டீச்சர்" என்றான் ஒரு பையன். மனசு விட்டுப்போய்விட்டது. அறிவியல் அறையில் பொருள்களும் அதிகம் இல்லை. இதற்கெல்லாம் நேரம் செலவழித்தால் பாடத்திட்டம் முடியாது என்று தலைமையாசிரியர் கவலைப்படுகிறார். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

முதலில் அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. கண்முன்னே நடந்ததைச் சரியாகப் பார்த்து, பார்த்ததை அப்படியே சொன்னான். வினிகர் விழுந்தது, நுரை பொங்கியது. காரணம் எது, விளைவு எது என்பது அவனுக்குத் தெளிவாகவே புரிந்திருக்கிறது. மேசைமேல் இருந்ததுதான் எரிமலை இல்லை. உண்மையான எரிமலையில் அமிலமும் காரமும் சந்திப்பதில்லை. பூமிக்கடியில் பெரும் அழுத்தத்தில் இருக்கும் பாறைக்குழம்பில் நீராவியும் வேறு வாயுக்களும் கரைந்திருக்கின்றன. குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது. அப்போது வாயு குமிழி குமிழியாகப் பிரிந்து, குழம்பையும் தூக்கிக்கொண்டு வெளியே பாய்கிறது. குலுக்கிய சோடா போத்தலைத் திறந்து காட்டியிருந்தால்கூட உண்மைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் உயிருள்ள எரிமலை கிடையாது. 2010இல் விழித்துக்கொண்ட சினாபுங் எரிமலை கடலைத் தாண்டி வட சுமத்ராவில் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் அங்கே போய் எதையும் சரிபார்க்க முடியாது. ஆனால் பள்ளி வேலிக்கு வெளியே கால் வைத்தால் செம்பனைக் காடு, மேடு பள்ளம், மழைக்குப் பிறகு சிவப்பாக ஓடும் வடிகால், தூரத்தில் சுண்ணாம்புக்கல் மலை என்று பார்க்க எவ்வளவோ இருக்கின்றன. பட்டணத்துப் பள்ளிகள் பேருந்து பிடித்து வந்து பார்க்க வேண்டியதெல்லாம் உங்களுக்கு வாசலிலேயே கிடக்கிறது. அறிவியல் அறையில் பொருள் இல்லை என்ற கவலையை விட்டுவிடுங்கள்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தும்போது நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. பிள்ளையின் கை அசைவதால் மட்டும் அது செயல்முறைப் பாடம் ஆகிவிடாது. தொடங்குமுன் என்ன நடக்கும் என்று பிள்ளை ஊகித்து எழுதியிருக்க வேண்டும். அந்த ஊகம் பொய்த்துப்போகவும் இடம் இருக்க வேண்டும். முடிவில் ஓர் எண் கிடைக்க வேண்டும், அந்த எண்ணை வைத்து இரண்டு பிள்ளைகள் வாதாட முடிய வேண்டும். எரிமலையில் இது எதுவும் இல்லை. பொங்கும் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும், பொங்கியும் விடுகிறது. யாரும் மனத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய தேவையே வருவதில்லை. அதனால்தான் ஒரு வாரத்தில் நுரை மட்டும் நினைவில் நிற்கிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? மழைமானியிலிருந்து. இதை நான் ஒரு மாற்று யோசனையாகச் சொல்லவில்லை. இந்த ஆண்டு நீங்கள் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றாலும் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தல் ஒன்றை எடுங்கள். உடல் நேராக, வரிப்பள்ளங்கள் அதிகம் இல்லாததாகப் பார்த்து எடுங்கள். மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்து, புனல்போல உள்ளே வையுங்கள். வெட்டிய விளிம்பில் டேப் ஒட்டிவிடுங்கள். போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். அப்படியே அளந்தால் முதல் சில மில்லிமீட்டர் கணக்கு தப்பாகிவிடும். கொஞ்சம் கூழாங்கல் போட்டு, உடல் நேராகத் தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே 0 என்று கோடு போடுங்கள். கல் இருப்பதால் காற்றுக்கும் சாயாது. பிளாஸ்டிக் அளவுகோலை வெளியே ஒட்டினால் மழைமானி தயார். ஒவ்வொரு முறை வாசித்த பிறகும் 0 கோடுவரை மட்டும் தண்ணீரை விட்டு மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

எங்கே வைப்பது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். பெரும்பாலும் சுவரோரமாகவோ கூரை ஓரமாகவோ வைக்கச் சொல்வார்கள். வைக்கட்டும். இன்னொன்றைத் திடலின் நடுவில் நீங்கள் வையுங்கள். பக்கத்தில் மரமோ கட்டடமோ இருந்தால் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைப்பது நல்லது. தரையிலிருந்து சற்று உயரத்தில் இருந்தால் மண்ணில் பட்டுத் தெறிக்கும் நீர் உள்ளே விழாது. ஒரு மழை பெய்ததும் இரண்டு மானிகளிலும் வெவ்வேறு அளவு இருக்கும். "ஒரே மழைதானே டீச்சர், எப்படி ரெண்டு அளவு?" என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும். அந்த நிமிடத்திலிருந்து பாடம் உங்கள் கையை விட்டு அவர்கள் கைக்குப் போய்விடும். மூன்றாவது மானியைச் செம்பனை மரத்தடியில் வைக்கலாம். விழும் மழை முழுவதும் தரைக்கு வருவதில்லை, ஒரு பங்கை மட்டைகளே பிடித்து வைத்துக்கொள்கின்றன என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

தினமும் காலையில் ஒரே நேரத்தில், முதல் பாடத்துக்கு முன் வாசிக்க வேண்டும். இரண்டு பிள்ளைகள் தனித்தனியாக வாசித்து எழுதட்டும். ஒருத்தி 12 என்பாள், இன்னொருவன் 14 என்பான். யார் சரி என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை ஐந்து நிமிடச் சண்டையில் அவர்களே கற்றுக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு திங்கட்கிழமைதான் வாசிக்க முடியும் என்பதால், அந்த எண் மூன்று நாள் கூட்டுத்தொகை என்று குறித்து வைக்க வேண்டும். மழை பெய்யாத நாளில் 0 என்று கட்டாயம் எழுத வேண்டும். வெற்றுக் கட்டமும் 0 எழுதிய கட்டமும் ஒன்றல்ல. தரவு என்றால் என்ன என்பதில் பாதி இந்த ஒரு பழக்கத்திலேயே அடங்கியிருக்கிறது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. தேங்கும் நீர் என்றால் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் கொண்டாட்டம். முட்டை கொசுவாக மாறக் கிட்டத்தட்ட ஒரு வாரம் போதும். வாரம் ஒரு முறையாவது போத்தலில் உள்ள தண்ணீர் முழுவதையும் கொட்டி, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, 0 கோடுவரை புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். பள்ளி விடுமுறை தொடங்கும் நாளில் மானிகளைக் கவிழ்த்து உள்ளே வைத்துவிடுங்கள். இந்த வேலையையும் ஒரு பிள்ளையின் பொறுப்பில் விட்டால் டிங்கி பாடம் தனியாக நடத்த வேண்டியதில்லை.

இந்த எண்களை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது 1 லிட்டர். பள்ளிக் கூரையின் நீள அகலத்தைத் தரையிலேயே நடந்து அளந்துவிடலாம். கூரை 20 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 25 மில்லிமீட்டர் மழைக்கு அந்தக் கூரைமேல் விழுந்த தண்ணீர் 4,000 லிட்டர். அத்தனையும் எங்கே போனது? பிள்ளைகள் வடிகாலைப் பின்தொடர்ந்து வரைபடம் போடட்டும். பள்ளிக்கு வெளியே உள்ள பகுதியைப் பெரியவர்கள் துணையோடு பார்க்கட்டும், அல்லது வரைபடத்தில் தேடட்டும். உங்கள் வட்டாரத்துச் சுங்கை பிளஸ் என்ற ஆறு பேராக் ஆற்றில் கலக்கிறது, பேராக் ஆறு மலாக்கா நீரிணைக்குப் போகிறது. வகுப்பறைக் கூரையிலிருந்து கடல்வரை ஒரு கோடு போட்டுப் பார்த்த பிள்ளைக்கு 'நீர் சுழற்சி' படத்தின் அம்புக்குறிகளை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் இருக்காது.

சில மாதங்கள் போனதும் பட்டை வரைபடம் போடச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிளந்தான், திரங்கானு பக்கம் வெள்ளம் வரும் என்று படிக்கிறோம். பேராக்கில் அதே அளவு மழை ஏன் பெய்வதில்லை? நடுவில் தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. மேற்குக் கரையில் பொதுவாகப் பருவக்காற்று மாறும் மாதங்களில், அதாவது ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர், நவம்பர் வாக்கிலும் பிற்பகல் இடிமழை அதிகம். உங்கள் பிள்ளைகளின் வரைபடத்தில் அது தெரிகிறதா இல்லையா என்று அவர்களே பார்க்கட்டும். தெரியாமல் போனாலும் நல்லதுதான். ஒரே ஆண்டை வைத்துத் தட்பவெப்பத்தைப் பேச முடியுமா என்று கேட்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் அதே நோட்டில் தொடர்ந்து எழுதட்டும். அப்புறம் வீட்டில் பாட்டி தாத்தாவிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். பால்மரம் (ரப்பர்) சீவிய தலைமுறைக்கு மழை என்பது கூலியோடு ஒட்டிய விஷயம். காலையில் மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்டு இல்லை, பால் வடியும் மங்கில் (கிண்ணத்தில்) மழைநீர் விழுந்தால் பாலும் போச்சு. எந்த மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். அதைப் பிள்ளைகளின் எண்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இனி மண். தோட்டப்புறத்தில் மறுநடவு நடக்கும் சரிவு ஏதாவது பக்கத்தில் இருந்தால், கனத்த மழைக்குப் பிறகு அங்கிருந்து வரும் நீரின் நிறத்தைப் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். அதை வகுப்புக்குள் கொண்டுவரலாம். மூன்று பெரிய போத்தல்களைப் படுக்கவைத்து, மேல்பக்கத்தைத் தொட்டிபோல வெட்டுங்கள். மூன்றிலும் ஒரே இடத்து மண், ஒரே அளவு, ஒரே மாதிரி அழுத்தி நிரப்ப வேண்டும். ஒன்று வெறும் மண். இன்னொன்றின்மேல் காய்ந்த இலையும் செம்பனை மட்டைத் துண்டுகளும். மூன்றாவதில் பச்சைப்பயறை நெருக்கமாக விதைத்து இரண்டு மூன்று வாரம் வளர விடுங்கள். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்து, திடலிலிருந்து புல்லைப் பிடுங்கி நட்டு அன்றைக்கே தண்ணீர் ஊற்றும் ஆசிரியர்கள் உண்டு. வேர் பிடிக்காத புல்லும் கிளறிவிட்ட மண்ணும் சேர்ந்து அடித்துக்கொண்டு போகும், செடியால் பயனில்லை என்று பிள்ளைகள் எழுதி வைப்பார்கள்.

மூன்றுக்கும் ஒரே சாய்வு, ஒரே உயரத்திலிருந்து ஒரே அளவு தண்ணீர். வழிந்து வரும் நீரைப் பிடிக்க ஒவ்வொரு போத்தலின் வாய்க்கும் கீழே ஒரு கோப்பை. பூவாளி இல்லையென்றால் மூடியில் ஆணியால் துளையிட்ட போத்தல் போதும். ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் எந்தக் கோப்பையின் நீர் தெளிவாக இருக்கும், ஏன் என்று எழுதித் தேதி போட வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது. கருதுகோள், தற்சார்பு மாறி (நாம் மாற்றுவது), சார்பு மாறி (அதனால் மாறுவது), கட்டுப்படுத்தப்பட்ட மாறி (மாறாமல் வைப்பது) என்று அறிவியல் செயற்பாங்குத் திறனில் நாம் கேட்பதெல்லாம் இந்த ஒரே வேலையில் தானாக வந்துவிடும். "சாய்வு ஒன்னா இல்ல டீச்சர், அவங்களுது அதிகம்" என்று ஒரு குழு புகார் சொன்னால் மாறி என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று பொருள்.

வந்த நீரைத் தெளிந்த கோப்பைகளில் ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் படிந்த மண்ணைக் காயவைத்துச் சமையலறைத் தராசில் நிறுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் பச்சைச் செடிதான் வெல்லும் என்று பந்தயம் கட்டுவார்கள். காய்ந்த மட்டை கிட்டத்தட்ட அதே அளவுக்கு மண்ணைக் காப்பாற்றுவதைப் பார்த்து வியப்பார்கள், சில சமயம் மட்டையே முந்திவிடும். மழைத்துளி நேராக மண்ணில் மோதுவதைத் தடுப்பதுதான் பெரிய வேலை. அதை உயிருள்ள இலையும் செய்யும், காய்ந்த இலையும் செய்யும். இதற்குப் பிறகு அனுமதி வாங்கி அவர்களைத் தோட்டத்துக்குள் அழைத்துப் போங்கள். வெட்டிய மட்டைகளை ஏன் வரிசைகளுக்கு நடுவே அடுக்கி வைக்கிறார்கள், சரிவில் ஏன் படிக்கட்டாக வெட்டி நடுகிறார்கள், கன்றுகளுக்கு இடையே ஏன் கொடிப்பயிரைப் படரவிடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அப்பா தினமும் செய்யும் வேலைக்குப் பின்னால் இப்படி ஒரு காரணம் இருக்கிறது என்று கண்டுகொள்ளும் பிள்ளையின் முகத்தை நீங்களே பாருங்கள். தோட்டத்து வேலையை வெறும் உடலுழைப்பு என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்பதில் எனக்குத் தனி அக்கறை உண்டு.

மூடுபயிர் எனப்படும் இந்தக் கொடிப்பயிர் மண்ணைக் காப்பதோடு நிற்பதில்லை. அது பயறு இனத்துக் கொடி. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. கொடி கிடைக்காவிட்டால் திடலோரத்தில் தொட்டாற்சிணுங்கி இருக்குமே, அதைக் கொஞ்சம் மண்ணோடு தோண்டி எடுத்து வேரை மெல்லக் கழுவிப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியலாம். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது வேலை செய்துகொண்டிருக்கும் முடிச்சு.

தோட்டத்துக்குள் போகும்போது ஒரு மைலோ டின்னையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் திறந்த டின். விளிம்பை நீங்களே மழுக்கி டேப் ஒட்டிவிடுங்கள். மண்ணில் இரண்டு விரல் ஆழம் அழுத்தி, உள்ளே அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, எத்தனை நேரத்தில் மண் குடிக்கிறது என்று கைத்தொலைபேசியில் நேரம் பாருங்கள். மட்டை அடுக்கிய இடத்தில் ஒரு முறை, டிராக்டரும் தள்ளுவண்டியும் போய்ப் போய் இறுகிய பாதையில் ஒரு முறை. பாதையில் தண்ணீர் அப்படியே நிற்கும். பத்து நிமிடம் ஆனதும் நிறுத்தி, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளவுகோலால் அளந்தால் போதும். மண் குடிக்காத தண்ணீர் எங்கே போகும்? மழைமானிக் கணக்கு இங்கே வந்து சேர்ந்துகொள்ளும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் பகுதிகளில் வீடுகள் மூழ்கியது பற்றிப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்கலாம். சிமெண்டும் தாரும் மூடிய நிலம் இந்த இறுகிய பாதையைப் போலத்தான் நடந்துகொள்கிறது என்று அப்போது சொல்லலாம்.

மண்சரிவு பற்றியும் கேட்பார்கள். 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங்காலியில் முகாம் தளத்தின்மேல் சரிவு விழுந்து 31 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. இதை மேல்மண் அரிப்போடு சேர்த்துக் குழப்பிவிடக் கூடாது. மேல்மண்ணை மழை சிறிது சிறிதாகக் கழுவிக்கொண்டு போவது வேறு. சரிவுக்குள் நீர் புகுந்து, மண்துகள்களுக்கு இடையே அழுத்தம் ஏறி, ஒரு பகுதி அப்படியே வழுக்கி இறங்குவது வேறு. உலர்ந்த மணலைக் குவித்துப் பாருங்கள், ஒரு சாய்வுக்கு மேல் நிற்காது. சற்றே ஈரமாக்கினால் செங்குத்தாகக்கூட நிற்கும். ஊற ஊறத் தண்ணீர் விட்டால் கூழாக ஓடிவிடும். நீர் ஒரு கட்டம்வரை மண்ணைப் பிடித்து வைக்கிறது, அதைத் தாண்டினால் தள்ளிவிடுகிறது என்பதைப் பத்து நிமிடத்தில் காட்டலாம். சரிவோரம் வீடு உள்ள பிள்ளைகள் பயந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிலத்தில் புதிதாக விரிசல் விட்டாலோ, மரங்களும் வேலிக்கால்களும் சாய ஆரம்பித்தாலோ, சரிவிலிருந்து திடீரென்று சேற்றுநீர் வந்தாலோ உடனே பெரியவர்களிடம் சொல்லி அந்த இடத்தை விட்டு விலக வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். பயத்தோடு என்ன செய்வது என்பதும் அப்போது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பாறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாலை போடும் கருங்கல் சல்லியில் ஒரு கைப்பிடி எடுத்து வந்து உருப்பெருக்காடியில் பாருங்கள். சாம்பல் நிறக் கண்ணாடி போன்றது குவார்ட்ஸ், வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது ஃபெல்ட்ஸ்பார், கறுப்பாக மின்னுவது மைக்கா. தித்திவங்சா மலையின் கருங்கல் ஏறத்தாழ 200 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் மெதுவாக ஆறிய பாறைக்குழம்பு. எரிமலை பாடத்துக்கு உங்கள் ஊர் வழி இதுதான். அந்தக் கல் சிதையும்போது குவார்ட்ஸ் ஆற்று மணலாகிறது, ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிறது. ஒரு போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து நன்றாகக் குலுக்கி வைத்தால் இரண்டும் பிரிவதைப் பார்க்கலாம். மணல் ஒரு நிமிடத்துக்குள் படியும், வண்டல் சில மணி நேரம் எடுக்கும், களிமண் நாள்கணக்கில் மிதக்கும்.

ஈப்போ போகும் வழியில் தெரியும் சுண்ணாம்புக்கல் மலைகள் வேறு கதை. அவை 250 மில்லியன் ஆண்டுகளுக்கும் முந்தைய கடலில் படிந்தவை. சுண்ணாம்புக்கல்லில் வினிகர் சொட்டு விட்டால் குமிழி வரும், கருங்கல்லில் வராது. உங்களிடம் மீதமுள்ள வினிகருக்கு இது நல்ல வேலை. கல் கிடைக்கவில்லை என்று வெண்கட்டியில் சோதிக்க வேண்டாம். இப்போது விற்கும் வெண்கட்டிகள் பல ஜிப்சத்தால் ஆனவை, பொங்காது. மட்டி ஓடு அல்லது முட்டை ஓடு நம்பகமானது.

நிழல் குச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், செலவே இல்லை. திடலில் ஒரு குச்சியை நேராக நட்டு, நிழல் முனையில் கால் மணிக்கு ஒரு முறை கல் வைக்க வேண்டும். நண்பகல் 12 மணிக்கு நிழல் மிகக் குட்டையாக இருக்கும் என்று எல்லோரும் எழுதுவார்கள். உங்கள் ஊரில் அது ஒன்றே கால் மணியை ஒட்டித்தான் வரும். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். அதற்கு முன்பே கடிகாரம் சூரியனைவிடக் கொஞ்சம் முந்திக்கொண்டுதான் இருந்தது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாவது வாரத்திலும் அந்த நேரத்தில் நிழல் கிட்டத்தட்ட மறைந்தே போகும். இடைப்பட்ட மாதங்களில் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே விழும். பூமி சாய்ந்து சுற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

பாதுகாப்பு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆற்று நீர் ஆய்வு என்று பிள்ளைகளை ஓடையில் இறக்காதீர்கள். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் இந்த நீரிலும் சேற்றிலும் வரக்கூடியது, மழைக்குப் பிறகு ஆபத்து இன்னும் அதிகம். செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குட்டைகள் பக்கமும் கைவிட்ட ஈயச் சுரங்கக் குட்டைகள் பக்கமும் போகவே வேண்டாம். நீர் வேண்டுமென்றால் நீங்கள் வாளியில் எடுத்து வாருங்கள். தோட்டத்து மண்ணை எடுக்குமுன் கடைசியாக மருந்தடித்தது எப்போது என்று மண்டோரிடம் (வேலைக் கண்காணியிடம்) கேளுங்கள். பாராகுவாட்டுக்கு 2020இலிருந்து நாட்டில் தடை இருந்தாலும் வேறு களைக்கொல்லிகள் புழக்கத்தில் உண்டு. மண்ணைத் தொடும் நாளில் காலணி, கையுறை, கடைசியில் சோப்புப் போட்டுக் கை கழுவுதல். கையில் காயம் உள்ள பிள்ளை அன்றைக்கு நேரம் பார்த்து எழுதும் வேலையைச் செய்யட்டும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டிவிட்டால் திடல் வேலையை நிறுத்திவிடுங்கள்.

உங்கள் தலைமையாசிரியரின் கவலை நியாயமானது. அவர் பாடத்திட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அதனால் நான் மேலே எழுதிய எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்யாதீர்கள். மழைமானி ஆண்டு முழுக்க, ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம். மண் அரிப்புச் சோதனை ஒரு முறை, நன்றாக, இரண்டு மூன்று பாடவேளை. இவ்வளவு போதும். பத்துச் செயல்முறையை மேலோட்டமாகச் செய்வதைவிட ஒன்றை இரண்டாவது முறை திருத்திச் செய்வதில்தான் பிள்ளை அதிகம் கற்கிறது. முதல் முறை செய்த பிழையை அதுவே கண்டுபிடிக்கிறது, மாறியைக் கட்டுப்படுத்துவது எதற்கு என்று அப்போதுதான் உறைக்கிறது. மூன்று வகுப்புகள் சேர்ந்திருப்பதும் உங்களுக்குச் சாதகம்தான். ஆண்டு 4 வாசித்து எழுதட்டும், ஆண்டு 5 வரைபடம் போடட்டும், ஆண்டு 6 விளக்கம் எழுதட்டும். அறிவியலை எந்த மொழியில் கற்பித்தாலும் குழுவுக்குள் வாதாடும்போது பிள்ளைகளைத் தமிழில் பேச விடுங்கள். யோசனை தடையின்றி வரட்டும்.

தலைமையாசிரியரிடம் போகும்போது ஒரே ஒரு தாள் எடுத்துப் போங்கள். இடப்பக்கம் ஆண்டுத் திட்டத்தில் உள்ள கற்றல் தரங்கள், வலப்பக்கம் அவற்றில் எவை மழைமானியாலும் மண் சோதனையாலும் நிறைவேறுகின்றன என்ற குறிப்பு. அளவெடுத்தல், தரவைத் தொகுத்தல், கருதுகோள், மாறிகள் என்று பல பெட்டிகள் ஒன்றாக நிரம்புவதை அவர் பார்க்கட்டும். பிள்ளைகளின் மழை நோட்டு வகுப்புசார் மதிப்பீட்டுக்குச் சான்றாகவும் இருக்கும். ஊகத்தை எழுதிய தேதி, அளந்த தேதி, முடிவை மாற்றிக்கொண்ட தேதி எல்லாம் அதில் இருக்கும். ஒரு மாதம் நடத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள், அதற்கு மேல் கேட்க வேண்டாம். அந்த மாதம் முடிந்ததும் விளக்கம் சொல்ல நீங்கள் போகாமல், 'வினிகர்' என்று பதில் சொன்னானே, அவனையே நோட்டோடு அவர் அறைக்கு அனுப்பி வையுங்கள்.